பொட்டலத்தின் போர்வை

எங்கள் வீட்டில் பிள்ளைகளை விட்டுப் போகும் பெற்றோருக்கு ஒரு தாள் கொடுப்போம். அதில் வீட்டைப் பற்றிப் பன்னிரண்டு கேள்விகள் அச்சிட்டிருக்கும். பதிலை நாங்கள் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். ஏழாவது கேள்வி, 'வீட்டில் வளர்ப்புப் பிராணிகள், பறவைகள் உண்டா? இருந்தால் விவரம்.' அதற்கு நேரே 'இல்லை' என்று எழுதியவன் நான். என் மருமகள் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு யாரும் அந்தப் பெண்ணைக் குறை சொல்லக் கூடாது.

முப்பத்து நான்கு வருடம் நீதிமன்றத்தின் நகல் பிரிவில் வேலை பார்த்தேன். மூலத்தையும் நகலையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, 'உண்மை நகல்' என்று முத்திரை குத்திக் கையெழுத்திடுவது என் வேலை. ஒரு கமா விடுபட்டிருந்தால்கூடத் திருப்பி அனுப்புவேன். முதுகுக்குப் பின்னால் என்னைக் 'கமா' என்று கூப்பிட்டார்கள். தெரியும். அதில் எனக்குப் பெருமைதான்.

மருமகள் பிள்ளை பார்க்கும் வேலையைத் தொடங்கும் முன் பத்து நாள் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வந்தாள். அந்தத் தாளை நிரப்ப உட்கார்ந்த அன்றே என்னிடம் சொன்னாள்.

"மாமா, பயிற்சியில முதல் நாளே சொன்னாங்க. நாயோ பூனையோ பறவையோ, வீட்டுல எது இருந்தாலும் பெத்தவங்ககிட்ட முன்கூட்டியே சொல்லிடணுமாம். விடறதும் விடாததும் அவங்க இஷ்டம். நாம ஒளிக்கக் கூடாது."

"நாம எதை ஒளிக்கிறோம்?"

"மேல ஒன்பது புறா இருக்கு மாமா."

"பிள்ளைங்க கீழ. புறா மேல. நடுவுல கதவு இருக்கு."

"அப்ப கதவு இருக்குன்னும் எழுதுங்க, புறா இருக்குன்னும் எழுதுங்க."

"எழுதினா யாரு வளர்க்கறாங்கன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவ?"

மாடியில் புறா வளர்ப்பவன் அவளுடைய கணவன். என் ஒரே மகன். ஊர் அறிய அவன் வெளிநாட்டில் வேலை பார்க்கிறான்.

அவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியராக இருந்தான். ஒருநாள் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது சாக்பீஸை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து அழத் தொடங்கினான். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால். மணி அடித்தும் நிறுத்தவில்லை. தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பி நான்தான் போய் அழைத்து வந்தேன். வழியெல்லாம் அழுதான். காரணம் கேட்டால் தெரியவில்லை என்றான். வைத்தியம் நடந்தது, நடக்கிறது. ஆனால் பைத்தியம் என்ற சொல்லை எங்கள் குடும்பத்தின்மேல் யாரும் வைத்துப் பேச நான் இடம் கொடுக்கவில்லை. உறவுக்காரர்கள் கேட்டபோது, "வெளிநாட்டுல நல்ல வேலை கெடச்சுது, போயிட்டான்" என்றேன். எதிர்வீட்டுக்காரரிடமும் அதையேதான் சொன்னேன். அன்றிலிருந்து அவன் மாடி அறையைவிட்டு இறங்கவில்லை. பதினான்கு மாதம்.

முதல் புறா இறக்கை ஒடிந்து தானாக வந்து விழுந்தது. அதற்குத் தீனி வைக்க எழுந்தவன், எழுந்த கையோடு பல் துலக்கினான். இரண்டாவது புறா வந்த வாரம் சவரம் செய்துகொண்டான். ஒன்பது ஆனபோது அவனாகவே சாப்பாடு கேட்டான். மருத்துவர் எழுதித் தந்த மாத்திரை சாதிக்காததை அந்தப் புறாக்கள் சாதித்தன. அவை அவனுடைய உயிர் என்று நான் சொன்னால் அதில் மிகை இல்லை.

மருமகள் நான்கு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். கடைசியாக வந்து சேர்ந்தவன் பொட்டலம். இரண்டு வயது. அவனுடைய அம்மா பேருந்து கண்டக்டர். விடியும் நேரத்தில் முதல் வண்டிக்குப் போகிற அவசரத்தில், பழைய புடவையில் சுற்றி, தூக்கம் கலையாமல் கொண்டுவந்து கொடுப்பாள். "அக்கா, பொட்டலத்த வாங்கிக்குங்க. சாயங்காலம் பிரிச்சுக் குடுத்தா போதும்" என்பாள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவனுடைய அப்பா லாரி ஓட்டுகிறவர். மாதத்துக்கு ஒரு வாரம் வீட்டில் இருந்தால் அதிகம். பகல் தூக்கத்துக்கு அவள் கொடுத்துவைத்த மஞ்சள் போர்வையின் மூலையை வாயில் வைத்துக்கொள்ளாமல் பொட்டலம் இங்கே தூங்க மாட்டான். வாரம் முழுவதும் போர்வை எங்கள் வீட்டிலேயே இருக்கும்.

ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நாள்சீட்டு. என்ன சாப்பிட்டது, எவ்வளவு நேரம் தூங்கியது, வெளிக்குப் போனதா, அழுததா என்று மருமகள் கை கழுவிக்கொண்டே சொல்லுவாள். நான் எழுதுவேன். ஒரு பிரதி பெற்றோருக்கு, ஒரு பிரதி கட்டு நோட்டில். கண்டக்டர் பெண் சீட்டை வாங்கும்போது சிரிப்பாள். "நான் நாள் முழுக்க டிக்கெட் கிழிச்சுக் குடுக்கறேன். எனக்கு ஒருத்தர் சீட்டு குடுக்கறது இங்கதான் ஐயா. என்ன எழுத்து. எங்க வீட்டுக்காரருகிட்ட காட்டினேன், அச்சடிச்சதான்னு கேட்டாரு."

அந்த எழுத்துதான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

பொட்டலம் வந்த மூன்றாவது மாதம் இருமல் தொடங்கியது. கண்டக்டர் பெண் டாக்டரிடம் காட்டினாள்; சளி என்று மருந்து கொடுத்தார். குறையவில்லை. வேறு டாக்டர், வேறு மருந்து. சாப்பாடு இறங்கவில்லை, எடையும் குறைந்தது. ஒருநாள் சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு, கட்டு நோட்டைப் பின்னாலிருந்து புரட்டிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமைச் சீட்டுகளில் இருமல் என்ற சொல்லே இல்லை. செவ்வாயில் 'மாலையில் இரண்டு முறை.' புதனில் 'தூக்கத்தில்.' வெள்ளியில் 'உடம்பு சுடுகிறது.' அடுத்த திங்கள் மறுபடி ஒன்றுமில்லை. ஏழு வாரமும் இப்படியே. நடுவில் ஒருமுறை அவனுடைய அப்பா வந்திருந்து பத்து நாள் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொண்டார். திரும்பி வந்த முதல் நாள் காலை நன்றாக ஓடி விளையாடினான். அன்று மாலையே காய்ச்சல்.

என் வீட்டில் இருக்கும்போது மட்டும் அந்தப் பிள்ளைக்கு நோய் வருகிறது. அதைச் சொல்வது என் கையெழுத்து. மறுக்க முடியவில்லை.

மொட்டை மாடிக்கு ஏறினேன். பிள்ளைகளின் விரிப்புகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. கொடியிலிருந்து இரண்டு முழம் தள்ளிப் புறாக்கூண்டு. மகன் கூண்டைத் திறந்து சுத்தம் செய்தான். ஒன்பது புறாவும் ஒன்றாக இறக்கை அடித்தன. வெயிலில் ஒரு வெள்ளைத் தூள் புகைபோல் எழுந்து, மெதுவாக நகர்ந்து, கொடியில் படிந்தது. மஞ்சள் போர்வையில் விரலால் ஒரு கோடு இழுத்தேன். கோடு தெரிந்தது.

"சாக்பீஸ் தூள் மாதிரி இருக்குல்லப்பா" என்றான் மகன். அவன் முகத்தில் சந்தோஷம் இருந்தது. "நல்ல புறாவுக்குத்தான் இப்படித் தூள் கொட்டும்."

அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கொடியை வீட்டுக்குப் பின்புறம் மாற்றிக் கட்டச் சொன்னேன். விரிப்புகளைத் துவைக்கச் சொன்னேன். மாடிக் கதவின் இடுக்கில் துணி செருகினேன். மருமகள் நான் சொன்னதையெல்லாம் செய்தாள். என் முகத்தைப் பார்க்காமல் செய்தாள். போர்வையைத் துவைக்க எடுத்தால் மட்டும் பொட்டலம் வீறிட்டு அழுதான். சனிக்கிழமை துவைக்கலாம் என்று விட்டாள்.

சனிக்கிழமைக்கு முன்னால் அவனை மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். வியாழன் காலை வீட்டிலேயே மூச்சு முட்டியிருக்கிறது; எங்களிடம் கொண்டுவராமல் நேரே ஓடியிருக்கிறாள். பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"ஐயா, டாக்டர் ஒரு கேள்வி கேக்கறாரு. வீட்டுல புறா, கிளி, நாய், பூனை ஏதாச்சும் இருக்கான்னு. எங்க வீட்டுல ஒண்ணும் இல்ல. பிள்ளை பாக்கற வீட்டுலயும் கேளுங்கன்னாரு. இல்லைன்னு ஐயா எழுதியே குடுத்திருக்காரு, அவரு ஒரு கமா கூடத் தப்பா வைக்க மாட்டாருன்னு சொன்னேன். இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்து சொல்லுன்னு அனுப்பிட்டாரு."

மாடியில் இறக்கை படபடக்கும் ஓசை கேட்டது. நான் தொலைபேசியை மற்ற காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"இல்லம்மா" என்றேன்.

"தெரியும் ஐயா. வெச்சுடறேன்."

மருமகள் ஒரு பிள்ளைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. "என்ன சொன்னீங்க மாமா?"

"நான் பாத்துக்கறேன்."

"என்னத்தப் பாத்துக்குவீங்க?"

என்ன பார்த்துக்கொண்டேன் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. நான் சொன்ன பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்று நினைத்தேன். அன்று சாயங்காலத்துக்குள் வீட்டில் புறா இல்லாவிட்டால் 'இல்லை' என்பது சரியான பதில்தானே. மூலத்தைத் திருத்த முடியாதவன், நகலுக்கு ஏற்ற மாதிரி மூலத்தையே மாற்றக் கிளம்பினேன்.

இரண்டு தெரு தள்ளிப் புறா விற்கிறவர் ஒருவர் இருந்தார். கூடையோடு வந்தார். மகனிடம் நான், "கொஞ்ச நாளைக்கு" என்றேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. ஒவ்வொரு புறாவையும் இரண்டு கையாலும் எடுத்து, கழுத்தில் ஒருமுறை தடவி, கூடைக்குள் இறக்கினான். ஒன்பதாவது, முதலில் வந்த இறக்கை ஒடிந்தது. அதைத் தரவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். வலிந்து பிடுங்க எனக்குத் தைரியம் வரவில்லை.

புறாக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டார். "பெரியவரே, நான் எடுத்துட்டுப் போறேன், அது பிரச்சினை இல்ல. ஆனா பழகின புறா. எங்க வீட்டுல கூடையத் தெறந்ததும் கிளம்பிடும். எனக்கு முன்னாடி உங்க வீட்டுக்கு வந்து, ஏன் லேட்டுன்னு என்னையே கேக்கும்."

"கூடையத் தெறக்காதீங்க."

"தெறக்காம வெச்சா செத்துப் போயிடும்ங்க. உங்க பையன் மூஞ்சியப் பாத்தா அதுக்கு மனசு வரல."

பையன் என்று அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. வெளியாள் ஒருவர் அவனைப் பார்த்துவிட்டார். அந்த நேரத்திலும் என் புத்தி அங்கேதான் போனது.

மூன்று மணிக்கு நான்கு புறாக்கள் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தன. மூன்றரைக்கு ஆறு. மகன் மாடிப்படியின் மேல்படியில் உட்கார்ந்திருந்தான். கதவைத் திறந்து வைத்திருந்தான்.

"எந்தப் பிள்ளைக்குப்பா உடம்பு சரியில்ல?"

"யாருக்கும் இல்ல. நீ உள்ள போ."

"கீழ இருமறது எனக்குக் கேக்கும். இன்னிக்குக் கேக்கல." கையில் ஒட்டியிருந்த தூளைச் சட்டையில் துடைத்தான். "காலையில போன்ல நீங்க சொன்னதும் கேட்டுச்சு. நீங்க ஒளிக்கறது புறாவ இல்லப்பா. என்னை."

நான் அவனைப் பெற்றவன். எனக்கு எதிரே நின்று பேசாதவன் அவன். அதட்ட வாய் திறந்தேன். அப்போது கீழே வாசல் மணி அடித்தது.

கண்டக்டர் பெண் சீருடையிலேயே வந்திருந்தாள். காலையில் வேலைக்கென்று கிளம்பியவள், மாற்ற நேரமில்லை. தோளில் டிக்கெட் பை இல்லாமல் அவளைப் பார்த்தபோது ஏதோ குறைந்தது போலிருந்தது.

"உள்ள வரல ஐயா. போர்வைய வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன். அக்கா எங்க?"

"பிள்ளைங்கள விடப் போயிருக்கா. எப்படி இருக்கான்?"

"மூக்குல குழாய் வெச்சிருக்காங்க. பிச்சுப் பிச்சுப் போடறான். போர்வையக் கேட்டு அழறான். அழுதா மூச்சு இன்னும் மோசமாகுது." நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். "என்னன்னே தெரியலையாம் ஐயா. குடுக்கற மருந்து எதுவும் கேக்கல. நாளைக் காலையில மயக்கம் குடுத்து நுரையீரலுக்குள்ள குழாய் விட்டு, கொஞ்சம் சதை எடுத்துப் பாக்கணுமாம். கையெழுத்து கேட்டாங்க. ரெண்டு வயசு. அந்த மயக்கத்துலயே ஏதாச்சும் ஆச்சுன்னா? அவங்க அப்பாவுக்கு லைனே கெடைக்கல. போர்வைய எடுத்துட்டு வந்து கையெழுத்துப் போடறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

போர்வை கூடத்துப் பெட்டியின்மேல் மடித்து வைத்திருந்தது. நான் போய் எடுத்தேன். எடுத்தவன் அப்படியே நின்றேன்.

"துவைச்சுத் தரேம்மா. அழுக்கா இருக்கு."

"பரவால்ல ஐயா. அந்த அழுக்குதான் அவனுக்குப் பிடிக்கும்."

"புதுசு ஒண்ணு வாங்கித் தரேன். இதே மஞ்சள்ல."

அவள் சிரிக்க முயன்றாள். "என்ன ஐயா நீங்க. சாயம் பாத்தா தூங்கறான் அவன்? வாசனை ஐயா. குடுங்க, பஸ்ஸு போயிடும்." கையை நீட்டினாள். போர்வையின் ஒரு மூலையைப் பிடித்தாள். நான் விடவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றோம். ஜன்னல் வழியாக விழுந்த வெயிலில், எங்களுக்கு நடுவே, அந்தத் தூள் எழுந்தது.

இன்னொரு பொய் என் நாக்கு நுனியில் இருந்தது. கிழிந்திருக்கிறது, எறும்பு ஏறியிருக்கிறது, எதுவோ. அந்தப் பொய்யைச் சொன்னால் போர்வை மட்டும்தான் என்னிடம் நிற்கும். அவள் திரும்பிப் போய்க் கையெழுத்துப் போடுவாள்.

"இதக் குடுக்க முடியாதும்மா. இதுல புறாத் தூள் இருக்கு."

"என்னது?"

"மாடியில ஒன்பது புறா இருக்கு. பத்து மாசமா இருக்கு. இந்தப் போர்வை அதுங்க பக்கத்துலதான் காஞ்சுது. நீ வந்த அன்னிக்கே இருந்துச்சு."

அவள் கை போர்வையிலிருந்து மெதுவாக விலகியது. கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"காலையில கேட்டேனே ஐயா."

"கேட்ட."

"டாக்டர் மொதல்ல அதத்தான் கேட்டாரு. நான் சிரிச்சேன் ஐயா. ஒரு கமா தப்பா வைக்காத ஐயா அப்படிச் செய்ய மாட்டாருன்னு." நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "யாரு வளர்க்கறா?"

"என் மகன்."

"அவருதான் வெளிநாட்டுல இருக்காரே."

"இல்ல. மேலதான் இருக்கான். மனசு சரியில்ல அவனுக்கு."

அவள் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபத்தைவிட அதிகமாக இருந்தது, இதற்காகவா என்ற திகைப்பு. என் குடும்ப மானம் என்று பதினான்கு மாதம் நான் கட்டிக் காத்ததை அவள் ஒரு நொடி எடை போட்டுப் பார்த்துக் கீழே வைத்துவிட்டாள்.

"எழுதிக் குடுங்க" என்றாள். "என் வாயால சொன்னா டாக்டர் நம்ப மாட்டாரு. காலையில இல்லைன்னு அடிச்சுச் சொன்னவ நானு. உங்க கையெழுத்துலயே எழுதிக் குடுங்க."

எழுதினேன். எத்தனை புறா, எத்தனை மாதம், கூண்டுக்கும் கொடிக்கும் எவ்வளவு தூரம், காலையில் தொலைபேசியில் நான் சொன்ன பதில் பொய். கீழே என் முழுப் பெயர். கட்டு நோட்டையும் கொடுத்தேன். "இதுல கிழமை வாரியா இருமல் எழுதியிருக்கு. டாக்டருக்குக் காட்டு. திங்கட்கிழமையப் பாக்கச் சொல்லு."

அவள் நோட்டைத் திறந்து இரண்டு பக்கம் புரட்டினாள். "இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மூணு நாளா."

அவள் நோட்டை மூடினாள்.

படியில் காலடி கேட்டது. என் மகன் இறங்கி வந்தான். சட்டைத் தோளில் ஒரு சிறு இறகு ஒட்டியிருந்தது. அவளைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னான். "டாக்டர் என்ன தீனி, புறாவுக்கு நோய் உண்டா, என்ன மருந்து அடிச்சதுன்னு கேப்பாரு. அப்பாவுக்குத் தெரியாது. நான் வரேன்."

"சட்டைய மாத்திட்டு வாங்க" என்றாள் அவள். "இந்தத் தூளோட என் பிள்ளைகிட்ட வர வேணாம்."

அவன் குளித்து மாற்றிக்கொண்டு வரும்வரை அவள் வெளியே தெருவில் நின்றாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. இருவரும் தெருமுனை வரை முன்னும் பின்னுமாக நடந்து போனதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவன் சுவரோரமாகவே நடந்தான்.

மருமகள் திரும்பி வந்ததும் சொன்னேன். அவள் மற்ற மூன்று பெற்றோருக்கும் கொடுக்கப் புதுத் தாள்களை எடுத்து என் முன்னால் வைத்தாள். ஏழாவது கேள்விக்கு மூன்று முறை பதில் எழுதினேன். நாளைக் காலை யாரும் வராமல் போகலாம். அவள் உழைப்பு அத்தனையும் வீணாகலாம்.

வெளிச்சம் மங்கும்போது தொலைபேசி அடித்தது. கண்டக்டர் பெண்.

"குழாய் விடறத நிறுத்தி வெச்சிருக்காங்க. வேற மருந்து ஆரம்பிச்சிருக்காங்க. மூச்சு அப்படியேதான் இருக்கு. ராத்திரி தாண்டணும்னு சொல்றாரு." குரலில் ஐயா இல்லை. "இதச் சொல்லக் கூப்பிடல. உங்க பையன் டாக்டர் கேட்டதுக்கெல்லாம் நல்லாப் பதில் சொன்னாரு. அப்புறம் வெளிய வந்து பெஞ்சுல உக்காந்தாரு. அழுதுட்டே இருக்காரு. நிறுத்தல. எல்லாரும் பாக்கறாங்க. எனக்கு என் பிள்ளையப் பாக்கணும். இவர என்ன பண்றதுன்னு தெரியல."

"அழட்டும்மா. நான் வரேன்."

சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். எதிர்வீட்டுக்காரர் கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். மாடியில் உள்ளே விட ஆளில்லாமல் புறாக்கள் கைப்பிடிச் சுவரில் வரிசையாக நின்றன.

"எங்க இந்த நேரத்துல கிளம்பிட்டீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. பையன் அங்க இருக்கான்."

"அட, வெளிநாட்டுலேர்ந்து வந்துட்டானா? எப்ப வந்தான்?"

"அவன் போகவே இல்ல" என்றேன்.

அவர் முகத்தைப் பார்க்க நிற்கவில்லை. பேருந்து வந்துவிடும்.